ஷனெல் நம்பர் 5-ஐ மலிவு சென்டோடு ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பேரங்காடியில் ஷனெல் நம்பர் 5 என்ற விலையுயர்ந்த பிரெஞ்சு சென்டைப் பலர் காகிதப் பட்டையில் முகர்கிறார்கள். மறுவாரம் மஸ்ஜித் இந்தியா கடையில் 'அதே வாசம்' என்று தரும் குப்பியைத் திறந்து முகர்ந்து, இரண்டும் ஒன்றுதான் என்று வாங்கிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹாலும் ஆல்டிஹைடுகளின் பளிச்சென்ற வாசமும். 1921-இல் நம்பர் 5-ஐ உருவாக்கிய எர்னஸ்ட் போ அந்த ஆல்டிஹைடுகளைத் தாராளமாகச் சேர்த்தார். அவை விலை குறைந்த செயற்கைப் பொருள்கள். யாரும் வாங்கிச் சேர்க்கலாம். வித்தியாசம் அடியில் இருக்கும் பூவிலும் சந்தனத்திலும்தான் தெரியும். அது வெளிவர ஒரு மணி நேரமாவது ஆகும்.

பூவிலும் ஒரு குழப்பம் உண்டு. அதிலுள்ள மல்லிகை நாம் சரம் கட்டும் குண்டுமல்லி அல்ல, பிச்சிப்பூ இனம். குண்டுமல்லி வாசத்தை எதிர்பார்த்து, 'அசலில் மல்லிகையே இல்லை' என்று சொல்வது தப்பு. பிச்சியில் இயல்பாகவே இண்டோல் என்ற வேதிப்பொருள் உண்டு. அதுதான் அந்தக் கனத்தைத் தருகிறது. இண்டோலைக் குறைத்த நகல் ஷாம்பு போல மணக்கும்.

எந்த நம்பர் 5 என்பதையும் பாருங்கள்: பர்ஃபம் மிக அடர்த்தி, ஓ தெ பர்ஃபம் அதற்கடுத்தது, ஓ தெ துவாலெத் இன்னும் லேசானது. ஓ தெ பர்ஃபம் 1986-இல் ஷனெலின் வாசனைக் கலைஞர் ஜாக் போல்ஜ் தனியாக அமைத்தது. பழைய பர்ஃபத்தில் ஆல்கஹாலைக் கூட்டியது அல்ல. ஓ தெ துவாலெத்தை ஒரு கையிலும் ஓ தெ பர்ஃபம் நகலை மறுகையிலும் அடித்தால் அது சரியான ஒப்பீடே ஆகாது. ஆல்கஹால் இல்லாத அத்தரும் அப்படியே: எண்ணெயிலிருந்து வாசம் மெதுவாகத்தான் எழும்.

சரியான முறை இது. வாசமில்லாத சோப்பில் கை கழுவுங்கள். தேங்காயெண்ணெய், தலையில் பூ அன்றைக்கு வேண்டாம். ஒவ்வொரு முழங்கைக்குக் கீழும் ஒரே ஒரு முறை அடியுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் சூட்டில், முதலில் எழும் மேல் வாசம் சீக்கிரம் பறந்துவிடும். எந்தக் கையில் எது என்பது உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் அடித்தால் இன்னும் நல்லது. அடித்து 10 நிமிடம், 1 மணி நேரம், 4 மணி நேரம் கழித்து என மூன்று முறை முகருங்கள். குளிர்சாதன அறையோடு நிறுத்தாமல் வெளியே நடந்து வாருங்கள். கோலாலம்பூர் வெயிலில் வாசம் வேகமாக எழும்பி வேகமாகத் தீரும். சில கஸ்தூரி வகைகள் சிலர் மூக்குக்கு எட்டவே எட்டாது. அதனால் 'வாசம் நிற்கவில்லை' என்று முடிவு கட்டுமுன் வீட்டில் ஒருவரை முகரச் சொல்லுங்கள்.

விலையைக் குப்பிக்கு அல்ல, மில்லிக்குக் கணக்கிடுங்கள். 100 மில்லி 60 வெள்ளி என்றால் மில்லிக்கு 60 சென். ஓர் அடிப்பு சுமார் 0.1 மில்லி, அதாவது 6 சென். ஆனால் நாளுக்கு மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தால் 18 சென்.

கடை விளக்கின் கீழ் மாதக்கணக்கில் நின்ற டெஸ்டரையும் காரில் வெந்த குப்பியையும் ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். சூட்டிலும் வெளிச்சத்திலும் முதலில் கெடுவது மேல் வாசம்தான்.