குருமே கசூரி: தறி ஏறும் முன்பே நேரும் தவறுகள்

ஜப்பானின் ஃபுகுவோகா மாநிலத்துச் சிக்குகோ வட்டாரத்தில் நெய்யப்படும் பருத்தித் துணி குருமே கசூரி. இதில் கட்டிச் சாயமிடுவது நூலைத்தான், துணியை அல்ல; கட்டிய இடம் சாயம் ஏறாமல் வெள்ளையாக நின்று பூவேலை ஆகும். நெய்த துணியில் பூவேலை பொருந்தாவிட்டால் பலரும் குறையைத் தறியில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் கட்டும்போதே விழுந்திருக்கும்.

நூலை வேகவைத்து அலசாமல் கட்டக் கூடாது. பருத்தியின் மெழுகு சாயத்தைத் திட்டுத்திட்டாகத்தான் விடும். பிறகு நனைந்து சுருங்கும் நூல், பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) போட்ட குறிகளை நகர்த்திவிடும். வரைபடத்திலேயே சுருக்கத்துக்கு இடம் விட வேண்டும்.

அடுத்தது கட்டு. சணப்பட்டையின் நாரை ஈரமாக்கித்தான் சுற்றுகிறார்கள்; சாயத்தொட்டியில் அது ஊதி இறுகும். தளர்ந்த கட்டுக்குள் நீலச் சாயம் ஊர்ந்துவிடும். அதற்குப் பயந்து ஒரே கட்டில் நிறைய இழைகளைச் சேர்த்தாலும் கெடும்: கட்டாத இடத்திலும் நடு இழைகள் வெளுப்பாகவே நின்றுவிடும்.

அவசரம் அதிகம் கெடுப்பது சாயத்தைத்தான். மக்கவைத்த அவுரி இலை, சாம்பல்நீர், சுண்ணாம்பு சேர்ந்த தொட்டியில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள். காரத்தன்மை பிஎச் 10.5 முதல் 11 வரை இருப்பது நல்லது. குறைந்தால் தொட்டி அழுகும். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் நுண்ணுயிர்கள் முடங்கும். நேராக அடர்ந்த தொட்டியில் முக்கினால் நீலம் மேற்பரப்பில் மட்டும் ஒட்டி, தேய்த்தால் கையோடு வரும். மங்கிய தொட்டியில் தொடங்கி அடர்ந்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழிந்து, நூலைத் தரையில் அடித்து, காற்றுப்பட விட வேண்டும். அடித்தால்தான் நசுங்கிய இழைகள் விரிந்து, கட்டின் அடி வரை சாயமும் காற்றும் போகும். ஆழ்ந்த நீலத்துக்கு இருபது, முப்பது முறை முக்குவதுண்டு.

தறியில் ஊடையைக் கரையோரம் இழுத்தும் விட்டும் குறியைப் பாவோடு சேர்க்கலாம். ஆனால் விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் ஆக்க நினைப்பது வீண். கசூரி என்ற பெயரே மங்கல், கலங்கல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 1788இல் பிறந்த இனோவே தென் என்ற பெண், நிறம் போன பழந்துணியின் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துச் சிறுவயதிலேயே இதைத் தொடங்கினாராம்.

வாங்குவோர் செய்யும் தவறு வேறு: எல்லாம் கைநெசவு என்று நம்புவது. 1957இல் அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்த முறைக்குக் கைக்கட்டு, இயற்கை அவுரி, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் எறியும் தறி மூன்றும் வேண்டும். சந்தையில் பெரும்பகுதி விசைத்தறியில் நெய்தது. அது போலி அல்ல. விலைதான் வேறாக இருக்க வேண்டும்.