முடிக்குப் போட்ட குளிசை, குழம்பிய ஹோர்மோன் ரிப்போர்ட்

எனக்குப் பிசிஓஎஸ் (சூலகத்தையும் ஹோர்மோன்களையும் பாதிக்கும் ஒரு கோளாறு). போன மாதம் வெள்ளவத்தையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் திடீரென ஏறியிருந்தது. தைரொயிட்டைக் காட்டும் டிஎஸ்எச் மிகக் குறைவு, டி4 அதிகம்; தைரொயிட் மிகையாக வேலை செய்வதுபோல. ஆனால் அதற்குரிய படபடப்போ கை நடுக்கமோ இல்லை. பம்பலப்பிட்டியில் வேறு லாபில் செய்தேன், அதே முடிவு. ஸ்கேனிலும் புதிதாக ஒன்றுமில்லை.

பிறகுதான் டொக்டர், "வேறென்ன குளிசை போடுறீங்க?" என்று கேட்டார். முடி கொட்டுவதற்கு 10 மில்லிகிராம் பயோட்டின் என்ற விட்டமின்! மருந்தென்றே நினைக்காததால் நான் சொல்லவில்லை. சில பரிசோதனை முறைகளிலேயே பயோட்டின் பயன்படுகிறது. இரத்தத்தில் அது மிகுந்தால் டெஸ்டோஸ்டெரோன், டி4 கூடுதலாகவும், டிஎஸ்எச், இன்சுலின் குறைவாகவும் காட்டும். இரண்டு லாபிலும் அதே வகை முறைதான்.

ஒரு கிழமை நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். தைரொயிட் சரி. டெஸ்டோஸ்டெரோன் பழைய அளவுக்கு இறங்கியது. முதலில் நன்றாக இருப்பதாகக் காட்டிய இன்சுலின்தான் இப்போது கூடுதலாக வந்தது. அதற்கு இப்போது சிகிச்சை தொடங்கியாச்சு.