சிறிய கச்சேரிக்கு இரண்டு பவர்டு ஸ்பீக்கர்: எங்கே வைப்பது, எவ்வளவு திருப்புவது

நூறு பேர் அமரும் மண்டபம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், ஒரு சுருதிப்பெட்டி. இதற்கு 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டும் மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் சிறிய மிக்சர் ஒன்றும் போதும். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சார ஒயரும் சிக்னல் ஒயரும் மட்டுமே. வாங்கும்போது வாட் கணக்கில் மயங்காதீர்கள். வாட் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். அதிகபட்ச ஒலி எத்தனை டெசிபல் என்று கேளுங்கள்.

முதலில் இடம். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்கவேண்டும். ஸ்டாண்டில் ஏற்றி, ஹார்ன் பகுதி (கூர்மையான ஒலி வரும் மேல்பாகம்) அமர்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே வரும்படி உயர்த்துங்கள். தரையில் வைத்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும், கடைசி வரிசைக்குச் சாகித்தியம் புரியாது. மைக் ஊளையிட்டால் பலர் உடனே ஈக்வலைசரைத் தொடுகிறார்கள். அதற்கு முன் ஸ்பீக்கரை இன்னும் முன்னால் நகர்த்துங்கள்; மைக்கைப் பாடகரின் வாய்க்கு அருகில் கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், காசு செலவில்லாமல்.

அடுத்தது ஒயர். மிக்சரின் மெயின் அவுட்டிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை) ஒயர் ஸ்பீக்கருக்குப் போகிறது. சொருகிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஸ்பீக்கரின் பின்புறம் ‘மைக் / லைன்’ என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அது லைனில் இருக்கவேண்டும். மைக் தருவது சில மில்லிவோல்ட். மிக்சர் தருவது ஒரு வோல்ட் அளவு. சுவிட்ச் மைக்கில் இருந்தால் குமிழைத் தொட்டதுமே ஒலி உறுமும், சிதறும். அதை அடக்க மிக்சரின் ஃபேடரை (ஒலியை ஏற்றி இறக்கும் நகர்பிடியை) அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். பிறகு நிகழ்ச்சி முழுவதும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடவே வரும். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிச் செல்பவர்களும் உண்டு. சில மாடல்களில் சுவிட்ச் இருக்காது, குமிழில் குறியீடு மட்டும் இருக்கும். அங்கே நடுவில் நிறுத்துங்கள்.

மிக்சரை முதலில் ஆன் செய்யுங்கள், ஸ்பீக்கரைக் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

இனி கெயின், அதாவது மைக்கிலிருந்து வருவதை மிக்சர் எவ்வளவு பெருக்குகிறது என்பது. ஸ்பீக்கர் குமிழ் நடுவில், ஃபேடர்கள் கீழே. ‘ஹலோ, ஹலோ’ என்று பேசிப் பார்த்துக் கெயின் வைப்பது வீண்வேலை. பாடகரை மேல் ஸ்தாயியில் முழுக்குரலில் பாடச் சொல்லுங்கள். கச்சேரியின் உச்சம் அதுதான். மிக்சரில் அந்தச் சேனலின் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி ஆடவேண்டும், சிவப்பு விளக்கு எரியக்கூடாது. பிறகு மெயின் ஃபேடரைப் பூஜ்யத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சேனலாக ஏற்றுங்கள். மண்டபத்துக்குப் போதவில்லை என்றால் மட்டுமே ஸ்பீக்கர் குமிழைக் கூட்டுங்கள். ஸ்பீக்கர் தன் எல்லையைத் தொடுவதைக் காட்டும் லிமிட் விளக்கு எப்போதாவது மினுக்கலாம். விடாமல் எரிந்தால் குறைத்தே ஆகவேண்டும்.

குரலுக்கும் வயலினுக்கும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் லோ கட் பொத்தானை அழுத்துங்கள். மிருதங்கத்துக்கு வேண்டாம், தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி என்ற ஆழ்ந்த நாதம் செத்துவிடும்.

பின்சேர்க்கை: லேப்டாப்பை இணைத்ததும் ஹம்மிங் வருவதாகப் பலர் எழுதியிருந்தீர்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஒலி நின்றால் எர்த் வழியாக வரும் தொல்லை அது. மிக்சர், ஸ்பீக்கர், லேப்டாப் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். அப்போதும் தீராவிட்டால் டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் இடையே வைக்கும் சிறு பெட்டி) வழியாக இணைத்து, சிக்னல் ஒயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி தேவைப்படாத பேசிவ் வகையையே நான் விரும்புகிறேன். பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். பாடகரின் கை உலோக மைக்கின் மேல் இருக்கிறது. கசிவு ஏற்பட்டால் மின்சாரம் அந்தக் கை வழியாகத்தான் இறங்கும்.