அரிதான ஜெர்மன் குடும்பப் பெயரின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? (சீகன்பால்க் பெயரை வைத்து ஒரு செய்முறை)

எங்கள் சபை ஆண்டு மலருக்கு, ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார், 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, 1719-ல் 36 வயதிலேயே இறந்தார் என்பதெல்லாம் எல்லா மலரிலும் இருக்கும் செய்திதான். அந்தக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, இன்றைக்கும் ஜெர்மனியில் அந்தப் பெயரோடு ஆட்கள் இருக்கிறார்களா என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சரி, அதைத் தேடுவோம் என்று உட்கார்ந்தேன். மலர் அச்சாகி வந்துவிட்டது. எப்படித் தேடினீர்கள் என்று சிலர் கேட்டதால் இந்தப் பதிவு.

ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. பிரவுசரில் மொழிபெயர்ப்பு வசதி இருந்தால் போதும். ஒரே ஒரு இடத்தில் அதை நம்பக் கூடாது, அங்கே வரும்போது சொல்கிறேன்.

படி 1: தமிழ்ப் பெயரை ஜெர்மன் எழுத்துக்கு மாற்றுங்கள்

நம் புத்தகங்களில் சீகன்பால்க், சீகன்பால்கு, சீகன்பால் என்று பல விதமாக இருக்கும். இதைக் காதால் கேட்டபடி ஆங்கில எழுத்தில் தட்டினால் முதல் எழுத்தாக எஸ் போடத் தோன்றும். அங்கேயே தேடல் படுத்துவிடும். ஜெர்மனில் இசட் எழுத்துக்கு ‘ட்ஸ்’ என்று ஒலி. தமிழில் அது ‘சீ’ ஆகிவிட்டது. சரியான எழுத்து வரிசை: இசட், ஐ, இ, ஜி, இ, என், பி, ஏ, எல், ஜி. கடைசி எழுத்து ஜி. ஜெர்மனில் சொல்லின் கடைசியில் அது ‘க்’ என்று ஒலிக்கும். அதனால்தான் பழைய பதிவுகளில் அதே இடத்தில் கே எழுத்தும் வரலாம், சி-கே இரண்டும் சேர்ந்தும் வரலாம். 18-ஆம் நூற்றாண்டு எழுத்தர் கேட்டதை எழுதினார், அவ்வளவுதான்.

தேடல் பெட்டி நட்சத்திரக் குறியை ஏற்றுக்கொண்டால் கடைசி எழுத்துக்குப் பதில் அதைப் போடுங்கள். எல்லா வடிவங்களும் ஒரே வலையில் சிக்கும்.

சீகன்பால்க்கோடு கப்பலில் வந்த புளூட்சாவின் பெயரைத் தேடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். அந்தப் பெயரில் யு எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டு. சில தரவுத்தளங்கள் அதை யு-இ என்று இரண்டு எழுத்தாக வைத்திருக்கும், சில வெறும் யு என்று. மூன்று விதமாகவும் தேடுங்கள்.

படி 2: அகராதிக்குப் போகாதீர்கள், முதலில் வரைபடம்

பெயர் கிடைத்ததும் எல்லோரும் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்றுதான் தேடுவார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். ஜெர்மனியில் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் 12-லிருந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றவை. அந்தந்த ஊரின் பேச்சு வழக்கு பெயருக்குள்ளேயே உறைந்து கிடக்கும். மண்பாண்டம் செய்கிறவர் கிழக்கில் டோப்ஃபர், தெற்கில் ஹாஃப்னர், ஹெஸ்ஸன் பக்கம் ஆய்லர். இறைச்சி வெட்டுகிறவர் கிழக்கில் ஃபிளைஷர், தென்மேற்கில் மெட்ஸ்கர். ஒரே தொழில், ஊருக்கு ஒரு பெயர். ஊர் தெரியாமல் அர்த்தம் சொன்னால் அது குத்துமதிப்புதான்.

வரைபடத்துக்கு மூன்று இடங்கள் உண்டு. என் முதல் தேர்வு ஜெர்மனியின் டிஜிட்டல் குடும்பப் பெயர் அகராதி, சுருக்கமாக டி.எஃப்.டி. மைன்ஸ் அறிவியல் கழகமும் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. நீங்கள் தேடும் பெயருக்கு அங்கே கட்டுரை இருந்தால் வரைபடம், விளக்கம், வேறு வடிவங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். கட்டுரை இல்லையென்றால் காம்ப்ஜென் என்ற ஜெர்மன் வம்சாவளி ஆய்வுச் சங்கத்தின் பெயர்ப் பரவல் வரைபடம், அதற்கடுத்து ஜியோஜென் என்ற வரைபடத் தளம். இந்தப் பெயர் இவ்வளவு பேருக்கு உண்டு என்று உலகக் கணக்கு காட்டும் தளங்களும் இருக்கின்றன. வேடிக்கை பார்க்கலாம், அச்சில் போட வேண்டாம். அவை பெரும்பாலும் மதிப்பீடுகள். ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கேடயம், சிங்கம் எல்லாம் போட்டு விற்கும் தளங்களுக்கு ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி நிதானமாகப் படியுங்கள். புதிதாகத் தேடுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வரைபடம் இரண்டு விதமாக வரும். ஒன்று மொத்த எண்ணிக்கை, இன்னொன்று மக்கள்தொகைக்கு எத்தனை என்ற விகிதம். பல தளங்களில் முதலில் திறப்பது மொத்த எண்ணிக்கைதான். அதில் எந்தப் பெயரைப் போட்டாலும் பெர்லினும் ஹாம்பர்க்கும் அடர் நிறத்தில் நிற்கும். பிழைக்கப் போன ஊரில் ஆள் அதிகமாக இருப்பார்கள், அதனால் அது சொந்த ஊர் ஆகிவிடாது. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 35 லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் 20 பதிவுகள், ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் மாவட்டத்தில் 15 பதிவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் நகரம் முந்தும். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் நகரத்தில் 6 கூட இல்லை, மாவட்டத்தில் 100. பெயர் முளைத்த இடம் அந்த மாவட்டத்துப் பக்கம்தான். ஆகவே விகித வரைபடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் எதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சீகன்பால்க் பெயரை இப்படிப் பார்த்தால் கண் கிழக்கே சாக்சனிக்குப் போகும். அவர் 1682-ல் பிறந்த புல்ஸ்னிட்ஸ் அங்கேதான் இருக்கிறது, டிரெஸ்டனுக்கு வடகிழக்கில் மேல் லவுசிட்ஸ் பகுதியில். தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்த ஒரே சீகன்பால்க்கின் ஊரும் பெயரின் வட்டாரமும் ஒத்துப்போகின்றன.

ஒரு பொறி இருக்கிறது. புல்ஸ்னிட்ஸ் இன்று பவுட்ஸன் மாவட்டத்தில் இருக்கிறது. 2008 ஆகஸ்ட் வரை அது காமென்ஸ் மாவட்டம். பழைய எல்லையோடு வரும் வரைபடத்தில் பவுட்ஸனை மட்டும் சொடுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று மூடிவிடாதீர்கள், பக்கத்தில் காமென்ஸையும் பாருங்கள். அஞ்சல் குறியீட்டு எண் கேட்டால் 01896. (ஊர்ப் பெயரைச் சும்மா கூகுளில் போட்டால் இஞ்சி, பட்டை மணக்கும் கேக் கடைகள்தான் வரிசையாக வரும். புல்ஸ்னிட்ஸ் அதற்குப் பேர் போன ஊர்.)

படி 3: இப்போது எத்தனை பேர்?

ஜெர்மனியில் குடியிருப்புப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குக் கிடையாது. அதனால் பெயர் ஆராய்ச்சி எல்லாம் லேண்ட்லைன் தொலைபேசிப் பட்டியலை நம்பியே நடக்கிறது. டி.எஃப்.டி பயன்படுத்துவது 2005-ஆம் ஆண்டு நிலவரம். 20 வருடப் பழசா என்று முகம் சுளிக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஆட்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள், புதிய பட்டியலில் ஓட்டைதான் அதிகம். ரொம்பப் பின்னால் போனாலும் ஆபத்து. கிழக்கு ஜெர்மனியில் பல வீடுகளில் தொலைபேசியே கிடையாது. 1990-க்குப் பிறகுதான் அங்கே இணைப்புகள் பெருகின. சாக்சனிப் பெயர் ஒன்றை 90-களின் தொடக்கத்துப் பட்டியலில் தேடினால் இருப்பதை விடக் குறைவாகவே தெரியும்.

2005-ல் சுமார் 2 கோடியே 80 லட்சம் இணைப்புகள், மக்கள் 8 கோடியே 20 லட்சத்துக்கு மேல். ஆக ஒரு இணைப்புக்கு ஏறக்குறைய 3 பேர். தளம் 100 என்று காட்டினால் 300 பேர் என்று கொள்ளலாம். எழுதும்போது ‘2005 தொலைபேசிக் கணக்குப்படி’ என்று கூடவே எழுதுங்கள். வருடம் இல்லாத எண்ணிக்கையை மலரில் போட்டால், பத்து வருடம் கழித்து அதையே இன்னொருவர் எடுத்து ‘தற்போது’ என்று போடுவார்.

சீகன்பால்க் பெயர் அழிந்துவிடவில்லை. ஜெர்மன் திரைக்கதை எழுத்தாளரும் இயக்குநருமான ஆலிவர் சீகன்பால்க் நம் காலத்தவர்தான். அவருக்கும் தரங்கம்பாடிக்காரருக்கும் உறவா என்று உடனே கேட்காதீர்கள். ஒரே பெயர் என்பதால் ஒரே வம்சம் ஆகிவிடாது. பட்டப்பெயராக வந்த குடும்பப் பெயர் வெவ்வேறு ஊரில் தனித்தனியாகவும் பிறந்திருக்கலாம்.

படி 4: நூறு வருடத்துக்கு முந்தைய நிலவரம்

இதற்கு என்னிடம் ஒரே சிபாரிசு: முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்கள். காயம்பட்டவர், இறந்தவர், காணாமல் போனவர் என்று ஜெர்மன் ராணுவம் போர்க்காலத்தில் அச்சிட்ட பட்டியல்கள் அவை. காம்ப்ஜென் தன்னார்வலர்கள் சுமார் 31,000 பக்கங்களை உட்கார்ந்து தட்டச்சு செய்து, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளாக இலவசமாக வைத்திருக்கிறார்கள். போரைப் பற்றி உங்களுக்கு அக்கறை இல்லாவிட்டாலும் இது தங்கச் சுரங்கம். ஒவ்வொரு வரியிலும் குடும்பப் பெயர், முன்பெயரோடு அந்தச் சிப்பாயின் ஊரும் இருக்கும். 1914-ல் 25 வயது என்றால் 1889 வாக்கில் பிறந்தவர். ஆக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயர் எங்கெங்கே இருந்தது என்பதற்கு ஒரு வரைபடம் கையில் கிடைத்த மாதிரி.

எண்ணும்போது கவனம். ஒரே ஆள் முதலில் காயம்பட்டவராகவும் அப்புறம் சிறைப்பட்டவராகவும் இரண்டு முறை வரலாம். முன்பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் ஒருவராகவே எண்ணுங்கள்.

டிரெஸ்டன் மாநில நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் சாக்சனி முகவரிப் புத்தகங்களும் நல்லவை. தொழிலும் தெருவும் சேர்ந்தே இருக்கும். அவை பழைய ஜெர்மன் அச்செழுத்தில் உள்ளவை. அதில் பெரிய இசட் பார்ப்பதற்கு 3 மாதிரியே இருக்கும், கணினி பெரும்பாலும் தப்பாகத்தான் படிக்கும். தேடல் பெட்டியை விட்டுவிட்டு, அகர வரிசையில் கடைசிப் பக்கங்களுக்குப் போய்க் கண்ணால் பார்ப்பதே வேகம்.

படி 5: இப்போது அர்த்தம்

மொழிபெயர்ப்பை நம்பக் கூடாது என்றேனே, அது இங்கேதான். பெயரை இரண்டாக வெட்டினால் முன்பகுதி ஆடு. பின்பகுதியான ‘பால்க்’கை மென்பொருளில் போட்டால் ‘வாலுப் பையன்’ என்ற பொருளில் ஏதாவது வரும், ஏனென்றால் இன்றைய பேச்சு ஜெர்மனில் அது அடங்காத குழந்தையைத் திட்டும் சொல். பழைய பொருள் வேறு: விலங்கின் உடம்பிலிருந்து உரித்த தோல், அதில் செய்த பை, கொல்லன் பட்டறையில் ஊதும் துருத்தி. நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ‘பழந்துருத்தியில் புது ரசம்’ என்று வேதாகமத்தில் படிக்கிறோமே, அந்தத் துருத்தியும் தோல் பைதான், பட்டறைத் துருத்தியும் அதே சொல்தான்.

ஆக, ஆட்டுத்தோல். தோல் பதனிட்டவருக்கோ தோல் வியாபாரிக்கோ ஆட்டுத்தோல் பையோடு சுற்றிய ஒருவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயர் என்பதுதான் பொருந்தி வரும் விளக்கம். முயல்தோல் என்று பொருள்படும் ஹாஸன்பால்க் என்ற குடும்பப் பெயரும் ஜெர்மனியில் உண்டு. இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் விளக்கத்துக்குப் பலம் கூடும், நீங்களும் தேடிப் பாருங்கள். தரங்கம்பாடிக்காரரின் அப்பா தானிய வியாபாரி. அதனால் பெயர் தப்பு என்று ஆகாது. பெயர் ஒட்டிக்கொண்டது பல தலைமுறைக்கு முன்னால்.

அச்சு அகராதி ஒன்றே ஒன்று வாங்குவதானால் டூடன் வெளியீடான குடும்பப் பெயர் அகராதி போதும்.

படி 6: குடும்பத்தையே தேட வேண்டுமென்றால்

அது தேவாலயப் பதிவேடுகளின் வேலை. கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மாட்ரிகுலா என்ற தளம், இலவசம். சுவிசேஷ சபைகளுடையவற்றுக்கு ஆர்கியோன் தளம், கட்டணம் உண்டு. கையெழுத்து பழைய குர்ரென்ட் எழுத்து. அதைப் படிக்கக் கற்பது தனிப் பதிவுக்கான விஷயம், இங்கே தொடவில்லை.

பின்சேர்க்கை 1: தஞ்சாவூரில் பணி செய்த ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் பெயரை இதே முறையில் தேடிய ஒருவர், வரைபடத்தில் அவர் பிறந்த சோனன்பர்க் பக்கம் ஒன்றுமே காட்டவில்லை என்கிறார். காட்டாது. அந்த ஊர் 1945-க்குப் பிறகு போலந்தில் இருக்கிறது. அந்தப் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு மேற்கே சிதறினார்கள். சைலீசியா, பிரஷ்யாப் பெயர்களுக்கு 2005 வரைபடத்தில் மையமே இருக்காது, தூவி விட்ட மாதிரி தெரியும். அப்படித் தெரிந்தால் உடனே படி 4-க்குப் போங்கள். போர்ப் பட்டியலில் அந்த ஊர்கள் எல்லாம் உண்டு. தவிர, ஷ்வார்ட்ஸ் அரிதான பெயரே இல்லை. ‘கறுப்பு’ என்று பொருள், நாடு முழுவதும் உண்டு. எழுத்து வேறுபாட்டை, அதாவது நடுவில் டி இருக்கிறதா இல்லையா என்பதை, தனித்தனியாக வரைபடம் போட்டால்தான் ஏதாவது தேறும்.

பின்சேர்க்கை 2: வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த ஜெர்மன் மிஷனரி ஃபப்ரீசியுஸின் பெயர் ஜெர்மன் பெயர் மாதிரியே இல்லையே என்று ஒரு கேள்வி. 16-ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. கொல்லன் என்று பொருள்படும் ஷ்மிட் அப்படித்தான் ஃபப்ரீசியுஸ் ஆனது. இத்தகைய பெயர்களுக்கு வரைபடம் பெரிதாக உதவாது, பல ஊர்களில் பல பேர் தனித்தனியாக மாற்றிக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை 3: லவுசிட்ஸ் என்றால் சோர்பியர்களின் (ஸ்லாவிய மொழி பேசும் சிறுபான்மையினர்) பகுதி, சீகன்பால்க் சோர்பியப் பெயராக இருக்கலாமே என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு பகுதியும் ஜெர்மன் சொற்கள், அதனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அந்த வட்டாரத்துப் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு புதுச் சங்கதி: 2025 மே 1 முதல் நடப்பில் உள்ள ஜெர்மன் பெயர்ச் சட்டப்படி, சோர்பியப் பெண்கள் தங்கள் மரபுப்படி குடும்பப் பெயரின் விகுதியை மாற்றி அதிகாரபூர்வமாக வைத்துக்கொள்ளலாம். தம்பதி இருவரும் இரட்டைக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தருகிறது. இனி வெளியாகும் பட்டியல்களில் தேடும்போது பெயரின் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுப் பாருங்கள்.