ஆற்றுத் திட்டில் ஆர்கானிக் பிஸ்கட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்ததிலிருந்து எங்கள் பக்கம் பிஸ்கட் தொழிலில் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. எங்கள் பக்கம் என்றால் கடலூர் மாவட்டத்தின் தென்கோடி. சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் திட்டு கிராமங்கள். சாதாரண நாளில் இரண்டு பக்கமும் ஆறு. வெள்ளம் வந்தால் முழுத் தீவு.

சுயஉதவிக் குழுப் பெண்கள், சென்னை வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் என்று நிறையப் பேர் வந்து விசாரிக்கிறார்கள். ஆர்வத்தில் குறையே இல்லை. நல்ல கம்பு, நல்ல வெல்லம், நல்ல வெண்ணெய் என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்புறம், நான் ஆரம்பித்த காலத்தில் எங்கெல்லாம் வழுக்கினேனோ அங்கெல்லாம் வரிசையாக வழுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை.

கையைக் கழுவுங்கள், மாவைச் சலியுங்கள், ஓவன் சூடான பிறகு தட்டை வையுங்கள் என்பதையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். தீவில் இருந்துகொண்டு, மருந்து சேராத தானியத்தில் பிஸ்கட் போடுகிறவர்களுக்கு என்றே சில தொல்லைகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மாதத்து மாவை ஒரே நடையில் அரைத்துக்கொண்டு வருவது

இத்தனை வருடம் கழித்தும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். ஏனென்றால், செய்கிறவர்கள் யாரும் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள்.

கணக்கு இப்படிப் போகிறது. அரவை மில் அக்கரையில் இருக்கிறது. மூட்டையைக் கட்டி, தரைப்பாலம் தாண்டி, ஆட்டோ பிடித்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்து வந்தால் அரைநாள் போய்விடும். வாரத்துக்கு இரண்டு தடவை யார் போவது? இருக்கிற கம்பு மொத்தத்தையும் அரைத்து டிரம்மில் போட்டு மூடிவிட்டால் மாதம் முழுக்கக் கவலையில்லை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்.

பக்கத்துத் திட்டில் அண்ணியும் நாத்தனாருமாக இரண்டு பேர் கம்பு பிஸ்கட் ஆரம்பித்தார்கள். விருத்தாசலம் பக்கத்திலிருந்து நல்ல கம்பாக இரண்டு மூட்டை வாங்கி, ஒரே நாளில் அரைத்துவிட்டார்கள். முதல் வாரத்துப் பிஸ்கட் அருமையாக இருந்தது. புதுச்சேரியில் ஒரு இயற்கை அங்காடிக்காரர் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். மூன்றாவது வாரம் அவரிடமிருந்து போன் வந்தது, பிஸ்கட் கசக்கிறது என்று. இவர்கள் வெல்லத்தைச் சந்தேகப்பட்டு வேறு வெல்லம் வாங்கினார்கள். கசப்பு போகவில்லை. வெண்ணெயை மாற்றினார்கள். சமையல் சோடாவைக் குறைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஈடு பிஸ்கட் வீணானது. கடைசியில் டப்பாவில் கொஞ்சம் மாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

மூடியைத் திறந்ததும் லேசான சிக்கு வாடை. விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை, சாதாரணக் கம்பு மாவுதான். எச்சிலோடு கரைந்து உள்நாக்குப் பக்கம் போன பிறகுதான் கசப்பு எழுந்தது. எழுந்தது இறங்கவில்லை. தண்ணீர் குடித்த பிறகும் நின்றது.

“மில்லுல வச்சு அரைச்சது எப்போம்மா?” என்றேன்.

“போன மாசம்க்கா. ஒரே நடையில வேலை முடிஞ்சிடும்னு…”

காரணம் கம்புக்குள்ளேயே இருக்கிறது. கம்பின் கரு, தானியத்தின் அளவுக்குப் பார்த்தால் பெரியது. 100 கிராம் கம்பில் கொழுப்பு சுமார் 5 கிராம்; அதே அளவு கேழ்வரகில் 1.3 கிராம்தான். கம்பு முழுசாக இருக்கும்வரை கொழுப்பு ஒரு இடத்திலும், அதை உடைக்கும் லைபேஸ் என்ற நொதி இன்னொரு இடத்திலும் அடங்கிக் கிடக்கும். அரைத்ததும் இரண்டும் கலந்துவிடும். நொதி கொழுப்பை உடைக்க ஆரம்பிக்கும். உடைந்த கொழுப்பு காற்றுப் பட்டுக் கெடும். ஈரமும் சூடும் இந்த வேலையை வேகப்படுத்தும். எங்கள் பக்கத்துக் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. போதாததற்கு, மில்லிலிருந்து மாவு சூடாகத்தான் விழும். அதை அப்படியே சாக்கில் கட்டி, தோளில் தூக்கி, வீட்டில் டிரம்மில் கொட்டி மூடுகிறார்கள். சாதாரணமாக ஒரு வாரத்தில் தலைகாட்டும் கசப்பு அதற்கும் முன்னாலேயே வந்துவிடும்.

ஓவனில் வெந்தால் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஆகாது. சூட்டில் நொதி சாகும், உண்மைதான். ஆனால் மாவில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கசப்பு எங்கேயும் போகாது. வெல்லம் முதல் கடியில் அதை மறைக்கும். விழுங்கிய பிறகு தெரியும். வாங்கினவர்கள் பெரும்பாலும் வந்து குறை சொல்ல மாட்டார்கள், அடுத்த தடவை வாங்க மாட்டார்கள். அவ்வளவுதான் நடக்கும்.

என் கோபம் அந்தப் பெண்கள் மேல் இல்லை. ஒரு பயிற்சி வகுப்பில் அவர்களுக்குக் கம்பு பிஸ்கட் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அரைத்த மாவில் அன்றைக்கே போட்டுக் காட்டினால் நன்றாகத்தான் வரும். மாவை எத்தனை நாள் வைக்கலாம் என்று அங்கே ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நம் பாட்டிமார் கம்பை இடித்த கையோடு கூழுக்குக் கரைத்தார்கள். இடித்த மாவைப் பானையில் சேர்த்துவைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்த விவரத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஆகவே, தானியத்தை வாங்கி இருப்பு வையுங்கள், மாவை வைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த கம்பு மாதக்கணக்கில் இருக்கும். திட்டிலேயே ஒரு சின்ன மாவு மெஷின் போட்டு, மூன்று நாலு நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு டின்னில் போடுங்கள். டின்மேல் அரைத்த தேதியை எழுதுங்கள். ஓவன் வாங்கும் முன்னால் வாங்க வேண்டியது இந்த மெஷின்தான். அக்கரை மில்லில் அரைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்களுக்கு முன்னால் அங்கே மிளகாய் அரைத்திருப்பார்கள், ரேஷன் கோதுமை அரைத்திருப்பார்கள். ஆர்கானிக் கம்பு என்று பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு அதே மில்லில் கொண்டுபோய்க் கொட்டினால், முதலில் விழும் மாவில் யாருடைய தானியம் கலந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

மெஷின் வாங்கும்வரை வெளியேதான் அரைக்க வேண்டும் என்றால், கொதிக்கும் தண்ணீரில் கம்பை அரை நிமிடம் போட்டு வடித்து, கடித்தால் சடக்கென்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, பிறகு அரையுங்கள். நொதி பெரும்பாலும் அடங்கிவிடும், மாவு கூடுதல் நாள் தாங்கும். ஆனால் இது வெயில் காலத்து வேலை. ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் கம்பு காயாமல் பூசணம் பிடிக்கும். மழை மாதங்களில் கேழ்வரகுக்கும் வரகுக்கும் மாறிவிடுங்கள். வரகிலும் கொழுப்பு 1.4 கிராம்தான். தினை 4.3, சாமை 4.7. இந்த இரண்டிலும் மாவை இருப்பு வைக்கும் எண்ணமே வேண்டாம்.

அந்த அண்ணி, நாத்தனார் வீட்டில் மீதி மாவு மாட்டுக்குப் போனது. புதுச்சேரிக் கடை திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது வாரம் இரண்டு தடவை வீட்டிலேயே அரைக்கிறார்கள், சிதம்பரத்தில் விற்கிறார்கள். பிஸ்கட் நன்றாக இருக்கிறது.

வெளிர் மஞ்சள் வெல்லம்

வாங்காதீர்கள். ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டதாக இருக்கும்.

பழுப்புக் காகிதக் கவர்

புதுச்சேரியிலும் ஆரோவில் பக்கத்திலும் வாங்குகிறவர்களுக்கு பிளாஸ்டிக் பிடிப்பதில்லை. நல்ல விஷயம். அதற்காக வெறும் காகிதக் கவரில் பிஸ்கட் போட்டால் மழைக்காலத்தில் இரண்டே நாளில் நமத்துப் போகும். நன்றாக வெந்த பிஸ்கட்டில் ஈரம் 2 முதல் 4 சதவீதம்தான் இருக்கும். வெளிக் காற்றில் ஈரம் எக்கச்சக்கம். காகிதம் அதைத் தடுக்காது. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும் என்பதால் நமக்கு இன்னும் மோசம்.

ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் தட்டிலேயே திறந்து வைப்பதும் இதே தவறுதான். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும், ஆறின பிறகும் திறந்து கிடந்தால் ஈரம் குடிக்கும். புறங்கையில் வைத்துப் பாருங்கள். சூடு தெரியாத நேரம் வந்ததும் டின்னில் போட்டு மூடுங்கள். விற்பதற்கும் நான் டின்னைத்தான் சொல்வேன். முன்பணம் வாங்கிக்கொண்டு டின்னோடு கொடுத்து, காலி டின் வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். புதுச்சேரி வாடிக்கையாளர்கள் இதற்குச் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள்.

‘ஆர்கானிக்’ என்று அச்சடித்துவிடுவது

தெரிந்த விவசாயி, உரமே போடாதவர், கண்ணால் பார்த்தோம். இதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பாக்கெட்டில் அந்த வார்த்தையைப் போட்டுக் கடைக்கு அனுப்பச் சான்று வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்திலோ பிஜிஎஸ் இந்தியா முறையிலோ சான்று பெற்றிருக்க வேண்டும். முதல் முறைக்குத் தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றளிப்புத் துறையை அணுகலாம். இரண்டாவதில் ஐந்து விவசாயிகளாவது குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதிக்க வேண்டும். ரசாயனம் போட்ட நிலம் என்றால் ஆண்டுப் பயிருக்கு இரண்டு வருடம் மாற்றுக் காலம் உண்டு, அது முடிந்த பிறகுதான் விளைச்சலை ஆர்கானிக் என்று சொல்ல முடியும்.

கம்புக்குச் சான்று வாங்கிவிட்டால் பிஸ்கட்டுக்கும் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். வராது. பல பொருள் கலந்த பண்டத்தை ஆர்கானிக் என்று சொல்ல 95 சதவீதப் பொருளாவது சான்று பெற்றதாக இருக்க வேண்டும், அரைக்கும் இடமும் சுடும் இடமும் அந்தச் சான்றுக்குள் வர வேண்டும். பிஸ்கட்டில் வெண்ணெயும் வெல்லமும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட பாதி எடை. சான்று பெற்ற வெண்ணெய்க்கு எங்கே போவது? முந்திரியும் அப்படித்தான். பண்ருட்டி பக்கத்தில் இருக்கிறது என்பதால் அந்த முந்திரி ஆர்கானிக் ஆகிவிடாது. தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்தடிக்கும் தோப்புகள் அங்கே உண்டு. மருந்து அடிக்காத தோப்பைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து கொட்டையாகவே வாங்கி உடைக்கக் கொடுக்க வேண்டும்.

சான்று கைக்கு வரும்வரை ‘கம்பு பிஸ்கட்’ என்று மட்டும் போடுங்கள். என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். பால், கோதுமை, முந்திரி இருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தெரியும்படி தனியாகக் குறிப்பிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையப் பதிவு எண்ணின் 14 இலக்கமும் தெளிவாக விழ வேண்டும்.

மானியம் கிடைக்கிறது என்று பெரிய ஓவன்

2020இல் வந்த மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். நல்ல திட்டம். ஆனால் மீதி 65 சதவீதம் உங்கள் பணமும் வங்கிக் கடனும். பெரிய ஓவனுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும், பழுதானால் ஆள் அக்கரையிலிருந்து வர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரில் கரை கடந்த பிறகு எத்தனையோ கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரத்தை மட்டும் நம்பும் ஓவன் திட்டுக்கு ஆகாது. கேஸில் ஓடும் சின்ன ஓவன் இரண்டு வாங்குங்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று ஓடும்.

கோடைத் தண்ணீர்

கோடையில் இங்கே நிலத்தடி நீரில் உப்பு ஏறும். பிசைவதற்கு முன் நாக்கில் வைத்துப் பாருங்கள்.

கடைக்குக் கடன்

முதல் வருடம் கடைக்காரருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்கவே வேண்டாம்.

வெள்ளம் என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று நினைப்பது

புயல் வெள்ளத்துக்கு எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதுகூட முன்கூட்டியே தானியத்தைப் பரண் ஏற்றிவிட்டார்கள். ஏமாறுவது ஆடியில்தான். வானத்தில் மேகமே இருக்காது, வெயில் கொளுத்தும். கர்நாடகத்தில் பெய்த மழை மேட்டூரை 120 அடிக்கு நிரப்பி, முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் திரும்பி, கீழணை தாண்டி இரண்டு மூன்று நாளில் நம் வாசலுக்கு வந்துவிடும். 2018 ஆகஸ்டில் வந்தது, 2022 ஆகஸ்டிலும் வந்தது.

ஆடி பிறந்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பாருங்கள். அணை நிரம்பி, கொள்ளிடத்தில் லட்சம் கன அடிக்கு மேல் விடப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் அன்றைக்குப் புது மாவு அரைக்காதீர்கள். போட்ட பிஸ்கட்டை உடனே சிதம்பரத்துக்கு அனுப்பிவிடுங்கள். தானியம் பரணுக்குப் போகட்டும், மெஷின் மோட்டாரைக் கழற்றி மேலே வையுங்கள், கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள். சிலிண்டரும் டிரம்மும்தான் முதலில் மிதந்து போகும்.

ஆடி, ஐப்பசி இரண்டு மாதமும் புதுச்சேரிக் கடைகளுக்கு இந்தத் தேதிக்குள் சரக்கு வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலம் திறந்த மறுநாள் வரும் என்று சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கடைக்கு அந்த மாதங்களில் சரக்கு போட வேண்டாம்.