பழங்காலக் குதிரை எலும்பிலிருந்து மரபு வரலாற்றைக் கண்டறிவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

அழிந்துபோன விலங்கு ஒன்றின் டி.என்.ஏ. முதன்முதலில் படிக்கப்பட்டது குதிரைக் குடும்பத்தில்தான். 1984இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆலன் வில்சனின் ஆய்வுக் குழு, ஏறத்தாழ 140 ஆண்டுகள் அருங்காட்சியகத்தில் கிடந்த, குவாக்கா என்ற அழிந்துபோன ஆப்பிரிக்க விலங்கின் தோலிலிருந்து 229 எழுத்துகளை (டி.என்.ஏ. இழையின் வேதி அலகுகளை) படித்தெடுத்து, அது வரிக்குதிரையின் நெருங்கிய உறவு என்று காட்டியது. இன்று நூற்றுக்கணக்கான பழங்குதிரைகளின் முழு மரபணுத்தொகைகள் (ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதும்) பொதுத் தரவுத்தளங்களில் கிடைக்கின்றன. கீழ்க்காணும் படிகளில் முதல் மூன்றும் ஆய்வகத்தைச் சார்ந்தவை. அதற்குப் பிந்தையவற்றைக் கணினியும் பொறுமையும் உள்ள எந்த மாணவரும் செய்து பழகலாம்.

படி 1: கேள்வியை முடிவு செய்தல்

குதிரை இனம் எப்போது கிளைத்தது என்று கேட்பவருக்கு மிகப் பழைய, நன்கு பாதுகாக்கப்பட்ட ஓர் எலும்புகூடப் போதுமானது. வீட்டுக் குதிரை எங்கே தோன்றியது என்று கேட்பவருக்கோ பல நாடுகளையும் பல நூற்றாண்டுகளையும் சேர்ந்த எலும்புகள் தேவைப்படும். 2021இல் வெளியான ஆய்வு 273 பழங்குதிரைகளின் மரபணுத்தொகைகளை ஒப்பிட்ட பிறகே, இன்றைய வீட்டுக் குதிரையின் தாயகம் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதியை ஒட்டிய ஸ்டெப்பி புல்வெளி என்ற முடிவுக்கு வந்தது.

படி 2: எலும்பைத் தேர்ந்தெடுத்தல்

உட்செவியைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான எலும்பும் பல்லும் பெரும்பாலும் நல்ல பலன் தருகின்றன. ஆனால் எந்த எலும்பு என்பதைவிட எந்த மண் என்பதே முக்கியம். கனடாவின் யூக்கான் பகுதியில், திசில் கிரீக் என்னுமிடத்தின் உறைமண்ணில் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணில்) கிடைத்த ஒரு கால் எலும்பு, ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் முழு மரபணுத்தொகையைத் தந்தது. வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வை விரைவாகச் சிதைக்கின்றன. ஹரியானாவின் ராக்கிகரியில் அறுபதுக்கும் மேற்பட்ட மனித எலும்பு மாதிரிகளைச் சோதித்தும் ஒன்றிலிருந்து மட்டுமே பயன்படத்தக்க மரபணுத்தொகை கிடைத்தது என்பதை நினைத்தால், நம் நாட்டு மண்ணில் இந்த வேலை எவ்வளவு கடினம் என்பது புரியும்.

படி 3: பிரித்தெடுத்தல்

தூய்மைப்படுத்தப்பட்ட தனி ஆய்வகத்தில், உடல் முழுவதும் மறைக்கும் உடையுடன், எலும்பின் மேற்பரப்பை நீக்கிவிட்டு, உட்பகுதியைச் சிறிதளவு பொடியாக்கிக் கரைத்து டி.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். எலும்புப் பொடி சேர்க்காத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே படிகளுக்கு உட்படுத்த வேண்டும். அதில் குதிரை டி.என்.ஏ. தென்பட்டால் வேதிப்பொருளிலோ ஆய்வகத்திலோ மாசு இருக்கிறது என்று பொருள்.

படி 4: துண்டுகளைப் பொருத்துதல்

வரிசைப்படுத்தும் இயந்திரம் கோடிக்கணக்கான சிறு துண்டுகளைத் தரும். அவற்றில் பெரும்பாலானவை மண்ணிலுள்ள பாக்டீரியாவுடையவையாக இருப்பது வழக்கம். முதலில் அடாப்டர் எனப்படும் செயற்கை இணைப்புத் துண்டுகளை வெட்டி நீக்கி, ஏறத்தாழ 30 எழுத்துகளுக்குக் குறைவானவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியை இன்றைய குதிரையின் மேற்கோள் மரபணுத்தொகையுடன் (ஒப்பிடுவதற்கென ஏற்கெனவே முழுமையாகப் படித்துவைத்த தொகையுடன்) பொருத்த வேண்டும். புதியவர்கள் 270 கோடி எழுத்துகள் கொண்ட முழுத் தொகையில் இறங்காமல், ஏறத்தாழ 16,660 எழுத்துகள் மட்டுமே கொண்ட இழைமணி டி.என்.ஏ.வுடன் (செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக உள்ள டி.என்.ஏ.) தொடங்குவது நல்லது. சாதாரண மடிக்கணினியே அதற்குப் போதும்.

படி 5: பழமையை உறுதிசெய்தல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவரின் முடிவை நம்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. உயிர் பிரிந்த பின் டி.என்.ஏ. துண்டுகளின் முனைகளில் உள்ள சைட்டோசின் என்ற எழுத்து காலப்போக்கில் யுராசில் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது; இயந்திரம் அதைத் தைமின் என்ற மற்றோர் எழுத்தாகப் படிக்கிறது. ஆகவே, உண்மையான பழந்துண்டுகளில் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் தோன்றும் விகிதம் முனையில் உயர்ந்தும், உள்ளே செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும். மேப்டேமேஜ் என்ற இலவச மென்பொருள் இதை வரைபடமாகக் காட்டும். கோடு தட்டையாக இருந்து, துண்டுகளும் நீளமாக இருந்தால், நீங்கள் படிப்பது அண்மைக்கால மாசாக இருக்கக்கூடும். ஆய்வகத்திலேயே யுராசிலை நீக்கிய மாதிரிகளில் இந்த அடையாளம் மங்கியிருக்கும் என்பதால், தரவு எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பை முன்கூட்டியே படித்துவிடுங்கள். சிதைவால் வந்த இம்மாற்றங்களைப் பரிணாம மாற்றங்களாக எண்ணிவிடாமலிருக்க, முனைகளில் சில எழுத்துகளைக் கணக்கிலிருந்து விலக்குவதும் வழக்கம்.

படி 6: கிளைமரமும் காலக்கணக்கும்

பழங்குதிரை இறந்த நாளோடு அதன் மரபுவரிசையில் மாற்றங்கள் சேர்வது நின்றுவிட்டது. உயிருள்ள குதிரைகளின் முன்னோரிலோ அவை தொடர்ந்து சேர்ந்துவந்தன. எனவே உறவுமுறையைக் கிளைகளாகக் காட்டும் கிளைமரத்தில் பழங்குதிரையின் கிளை குட்டையாக இருக்கும். அந்தக் குறைவையும் எலும்பின் வயதையும் சேர்த்துப் பார்த்தால், மாற்றங்கள் சேரும் வேகத்தைக் கணக்கிட முடிகிறது. திசில் கிரீக் குதிரையை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வு இவ்வழியில்தான் குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றின் பொது முன்னோர் 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று கணித்தது. இது அதுவரை பலர் கருதியதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பழமையானது.

இழைமணி மரத்தோடு நின்றுவிடக் கூடாது. அது தாய்வழியை மட்டுமே காட்டும். இன்றைய குதிரைகளின் தாய்வழிகள் பலவாக இருந்ததால், குதிரை பல இடங்களில் தனித்தனியே பழக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். முழு மரபணுத்தொகைகளோ, இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூலம் ஒன்றே என்றும், கி.மு. 2200க்குப் பின் அது யூரேசியா முழுவதும் விரைந்து பரவியது என்றும் காட்டின.

படி 7: விளக்கம் சொல்லுதல்

கஜகஸ்தானின் போட்டாய் குடியிருப்பில் ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முந்தைய குதிரை எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன. அவையே வீட்டுக் குதிரையின் முன்னோர் என்று பலர் கருதியிருக்க, 2018இல் வந்த மரபணு முடிவு வேறாக இருந்தது: கடைசிக் காட்டுக் குதிரை எனப்பட்ட மங்கோலியாவின் பிரெசுவால்ஸ்கி குதிரைதான் போட்டாய் குதிரையின் வழித்தோன்றல். ஆனால் போட்டாய் மக்கள் அவற்றை வளர்த்தார்களா, வேட்டையாடினார்களா என்பதை இந்த உறவுமுறை மட்டும் தீர்த்துவிடாது. அதற்குப் பல்லில் உள்ள கடிவாளத் தேய்மானம், பானையில் படிந்த பால் கொழுப்பு போன்ற சான்றுகளைத் தொல்லியலாளர்கள் முன்வைத்தார்கள். தேய்மானச் சான்றை மறுத்தும் கட்டுரைகள் வந்துள்ளன. உங்கள் கிளைமரத்தை வரைந்து முடித்ததும், அந்த எலும்பு கிடைத்த இடத்தின் அகழாய்வு அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள்.