ஜெர்மனியில் படிப்பு: முதல் இரண்டு மாதப் பணத்தைத் திட்டமிடுவது எப்படி?

விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்புள்ள வங்கிக் கணக்கு) போடும் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். இறங்கிய அன்றே வராது. பெரும்பாலும் அங்குள்ள நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, ஜெர்மன் வங்கியில் நடப்புக் கணக்கு திறந்த பிறகே முதல் தவணை கிடைக்கும். முகவரி பதிய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். அதைத் தராத தற்காலிக அறை எடுத்தால் எல்லாமே நின்றுவிடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அறை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

அறை விளம்பரத்தில் 'கால்ட்' என்றால் வெறும் வாடகை. 'வார்ம்' என்றால் வெப்பமூட்டல், தண்ணீர் சேர்ந்தது. மின்சாரம் பல இடங்களில் தனி. முன்பணம் கால்ட் வாடகைபோல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது: 350 யூரோ அறைக்கு அதிகபட்சம் 1,050. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டச் சட்டமே உரிமை தருகிறது, தயங்காமல் கேளுங்கள். அறையையோ ஒப்பந்தத்தையோ பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

ஆகவே, முடக்கக் கணக்கு நீங்கலாக இரண்டு மாத வாடகை, முன்பணத்தின் முதல் தவணை, செமஸ்டர் கட்டணம், சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

வேலைக்கு ஆண்டில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. நான்கு மணி நேரம் வரை அரை நாள். பல்கலைக்கழக உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது, முதலில் அதைத் தேடுங்கள்.